தளம் போடும் நாளில் யார் எதற்குப் பொறுப்பு?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் லேபர் கான்ட்ராக்டில் வீடு கட்டுபவர்கள் பலர். பொருள் வீட்டுக்காரருடையது, வேலை மேஸ்திரியுடையது. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இரண்டுக்கும் நடுவே விழும் வேலைகளில்தான் கூரையின் கான்கிரீட் தளம் கெடுகிறது.

முதலில் தண்ணீர் கட்டுவது. தளம் போட்டதும் மேஸ்திரியின் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். கூலியில் அதுவும் அடக்கம் என்று வீட்டுக்காரர் இருந்துவிடுவார். பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்ட்டில் போட்ட தளம் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்தின் மேல் கரை கட்டி நிறுத்தும் பாத்தித் தண்ணீர் வேலூர் கத்திரி வெயிலுக்கு நிற்காது. பாத்தி கட்டுவது மேஸ்திரி, காலையும் மாலையும் நிரப்புவது இன்னார் என்று பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள். லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் யார் காசு என்பதையும்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. கம்பி கட்டி முடிந்தபின் எலக்ட்ரீஷியன் பைப் போட ஏறுவார். அவர் மிதித்ததில் பால்கனியின் மேல்கம்பி கீழே அமுங்கிவிடும். பால்கனியைத் தாங்குவதே அந்த மேல்கம்பிதான். அமுங்கினால் சுவரோரம் விரிசல் விடும், இடிந்தும் விழலாம். கம்பி கட்டியவரோ கூலி வாங்கிப் போயிருப்பார். ஆகவே கான்கிரீட் முடியும்வரை கம்பிக்காரர் ஒருவர் மேலேயே இருக்க வேண்டும். கடைசித் தவணை அதன் பிறகுதான். இன்ஜினியர் கம்பியையும் அதற்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கையும் பார்ப்பது எலக்ட்ரீஷியன் இறங்கிய பின்னரே.

மிக்சர் மெஷினில் தண்ணீர் ஊற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர், மணலின் ஈரமும் சேர்த்து. வெயில் ஏற ஏற, கலவை இறுகுகிறது என்று ஆளாளுக்கு ஒரு பக்கெட் ஊற்றினால் தளத்தின் பலம் அங்கேயே போய்விடும்.

தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிப்பதில், அவற்றை அடித்த சென்ட்ரிங்காரருக்கு அவசரம் இருப்பது நியாயம்தான். அவருக்கு அடுத்த சைட் காத்திருக்கிறது. ஓ.பி.சி. எனும் சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைத் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. பி.பி.சி. என்றால் இன்னும் தள்ள வேண்டும். பிரிக்கச் சொல்லும் அதிகாரம் இன்ஜினியருக்கு மட்டும். கூடுதல் நாள் வாடகையை முன்பே பேசி, பிரிக்கும் தேதியைத் தளம் போட்ட அன்றே எழுதி, வீட்டுக்காரர், இன்ஜினியர், சென்ட்ரிங்காரர் மூவரும் கையெழுத்திடுங்கள்.