ஈவுன்னா என்ன? வகுத்தல் கணக்குல இருக்கற நம்ம சொல்

பசங்க இப்போ டிவிஷன், டிவைடட் பை, கோஷன்ட், ரிமைண்டர்னுதான் சொல்றாங்க. தமிழ்ல வகுத்தல், வகுபடும் எண் (பிரிக்கப்படற எண்), வகுத்தி (எதால வகுக்கறோமோ அந்த எண்), ஈவு, மீதி. இதுல ஈவுங்கற சொல்லைப் பத்திதான் கொஞ்சம் நின்னு பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா வாத்தியாருங்க கூட அதை மனப்பாடமா சொல்லிக் குடுத்துட்டு போயிடறாங்க.

முதல்ல வகுத்தல். வகுன்னா பிரி, கூறுபோடுன்னு அர்த்தம். வகுப்பு, வகை, தலைவாரும்போது எடுக்கற வகிடு எல்லாம் இந்தக் குடும்பம்தான். "இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும்"னு 385ஆவது குறள்ல இதே சொல் வருது, அங்க கணக்கு இல்ல, அரசன் சேத்துக் காத்த பொருளை அறம் பொருள் இன்பத்துக்காக செலவிடறதுன்னு பரிமேலழகர் உரை சொல்லுது. ஆக இருக்கறதை எதெதுக்குன்னு பிரிச்சுக் குடுக்கறதுங்கற எண்ணம் இந்த சொல்லுக்குள்ள அப்பவே இருக்கு.

இப்போ ஈவு. ஈ-ன்னா கொடு, ஈகைல வர்ற அதே ஈ. ஈவுன்னா கொடுக்கப்பட்டது, அவ்ளோதான். 12 முறுக்கை 4 பேருக்கு சமமா பங்கு வெச்சா ஆளுக்கு 3, அந்த 3தான் ஈவு, ஒவ்வொருத்தர் கைக்கும் வந்து சேர்ந்தது. கம்பெனி ஷேர் வெச்சிருக்கறவங்களுக்கு வர்ற டிவிடெண்டை ஈவுத்தொகைன்னு சொல்றதும் இதனாலதான் (ஆனா கணக்குல டிவிடெண்ட்னா வகுபடும் எண், அங்க குழப்பிக்கக் கூடாது).

ஈவுக்கு இங்கிலீஷ்ல சொல்ற கோஷன்ட் லத்தீன்லேர்ந்து வந்தது, அதோட மூலச் சொல்லுக்கு எத்தனை தடவைன்னு அர்த்தம். அதாவது 12க்குள்ள 4 எத்தனை தடவை போகும்ங்கற பார்வை. சந்தையில தக்காளியை நாலு நாலா கூறு கட்டறாங்களே, அந்தக் கணக்கு. நம்ம ஈவு ஆளுக்கு எத்தனைன்னு கேக்குது. சின்னப் பிள்ளைங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லணும்னு நான் நினைக்கறேன், ஏன்னா ஆளுக்கு எத்தனைங்கறது அவங்க வீட்ல தினமும் சண்டை போடற விஷயம், புதுசா புரிய வைக்கவே வேண்டாம்.

நாலு தட்டு வைங்க, 12 முறுக்கைக் குடுத்து எல்லாருக்கும் சமமா வைன்னு சொல்லுங்க, வாய்ப்பாடு தெரியாத குழந்தை கூட ஆளுக்கு ஒண்ணு ஒண்ணா வெச்சுட்டே சுத்தி வரும். ஒரு சுத்துக்கு 4 முறுக்கு போகுது, மூணு சுத்துல தீந்துடும். எத்தனை சுத்துன்னு எண்ணினா 3, ஒரு தட்டுல எத்தனைன்னு எண்ணினாலும் 3. லத்தீன்காரங்க கேட்டதும் நாம கேட்டதும் இங்க ஒண்ணா வந்து நிக்குது பாருங்க!

சமமாங்கற வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க. சும்மா பங்கு போடுன்னா ஒருத்தருக்கு அஞ்சு, ஒருத்தருக்கு ஒண்ணுன்னு கூட வைக்கலாம், அது வகுத்தல் கணக்கு ஆகாது.

அடுத்து 13 முறுக்கு குடுங்க. மூணு சுத்து முடிஞ்சு ஒண்ணு கையில நிக்கும், அதுதான் மீதி, வீட்ல மிச்சம்னு சொல்றோமே அதேதான். இதை என்ன பண்றதுன்னு குழந்தையையே கேளுங்க, நாலா உடைக்கலாம்னு சொல்லிச்சுன்னா ஆளுக்கு மூணே கால், பின்னம் அங்கேயே ஆரம்பிச்சாச்சு.