சிவப்பில் ஒரு வரி

முட்டி மாற்று அறுவைக்கு முன்னால் செய்யும் மயக்க மருந்துப் பரிசோதனைக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று தாதி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "பென்சிலின் ஆகாதும்மா. சின்ன வயசுல ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு." கணினித் திரையில் அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி ஏறியது. அத்தைக்கு நிம்மதி. எனக்கும்தான். சொல்லி வைத்தாயிற்று, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மயக்க மருந்து டாக்டருக்கு மட்டும் அந்த வரி பிடிக்கவில்லை. எந்த வயதில்? ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது? மூச்சு வாங்கியதா, உதடு வீங்கியதா, மருத்துவமனையில் சேர்த்தார்களா? தோண்டித் துருவினார். கடைசியில் வெளிவந்த கதை இதுதான்: அத்தைக்கு ஏழெட்டு வயது, நல்ல காய்ச்சல், சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு டாக்டர் ஊசி போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் உடம்பில் தடிப்பு. தானாகவே அடங்கிவிட்டது. அதுவும் பாட்டி சொல்லித்தான் அத்தைக்கே தெரியும்.

ஒரு தடிப்புக்கு ஏன் இத்தனை விசாரணை?

அறுவைக் காயத்தில் சீழ் வைக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் தோலிலும் மூக்கிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள்தான் முக்கியமான ஆட்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவி என்னதான் துடைத்தாலும் மயிர்க்காலின் அடியில் இருப்பவை தப்பிவிடும். சாதாரணக் காயம் என்றால் வெள்ளணுக்களே பார்த்துக்கொள்ளும். முட்டியில் வைப்பதோ உலோகம். அதில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் வழுவழுப்பான படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உள்ளே வளரும். படலம் உருவான பிறகு மருந்தால் அவற்றை அழிப்பது பெரும்பாடு. வைத்த முட்டியையே கழற்ற வேண்டி வரலாம்.

அதனால் கத்தி படும் நொடியில் ஆன்டிபயாட்டிக் அந்தத் தசைக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 2,847 நோயாளிகளைப் பார்த்தது. வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போனவர்களுக்குத்தான் தொற்று மிகக் குறைவு. ரொம்ப முன்னால் போட்டாலும் பலன் குறைந்தது, வெட்டிய பிறகு போட்டாலும் குறைந்தது. இப்போது செஃபசோலின் என்ற மருந்தை, பெரியவர்களுக்குப் பொதுவாக 2 கிராம், வெட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். முட்டி அறுவையில் தொடையில் காற்றுப் பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்துவது உண்டு. பட்டை இறுகிய பிறகு மருந்து போட்டால் அது உடம்பெல்லாம் சுற்றும், முட்டிக்கு மட்டும் போகாது! அறுவை நீண்டுபோனால் நான்கு மணி நேரத்தில் இன்னொரு முறை. காயத்தை மூடியாயிற்று என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தொடர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2016இல் சொல்லிவிட்டது. "என்ன டாக்டர், ஒரு மாத்திரைகூட எழுதித் தரலையே" என்று நம் ஆட்கள் குறைபடுவது இதனால்தான்.

சரி, ஒவ்வாமைப் பக்கம் வருவோம்.

தோல், குடல், மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் ஓரம் என்று உடம்பெங்கும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கும் செல்கள் இவை. ஏதோ ஒரு மருந்தை உடம்பு எதிரியாக நினைத்துவிட்டால் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து இந்தச் செல்களின் மேல் நட்டு வைக்கும். அதே மருந்து அடுத்த முறை வந்து இரண்டு ஐஜிஇயைச் சேர்த்துப் பிடித்தால் போதும், பொட்டலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். ரத்தக்குழாய்கள் விரிந்து ஒழுகும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழாய் சுருங்கும்.

விழித்திருப்பவர் என்றால் "அரிக்குது, நெஞ்சை அடைக்குது" என்று சொல்வார். மயக்கத்தில் இருப்பவர் எதைச் சொல்ல? தடிப்பு இருந்தாலும் பச்சைத் துணிக்குள் மறைந்திருக்கும். டாக்டருக்குத் தெரிவதெல்லாம் மூன்று குறிகள்: ரத்த அழுத்தம் விழுகிறது, காற்றைத் தள்ள இயந்திரம் திணறுகிறது, வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவின் அளவு சட்டென இறங்குகிறது. மற்றக் கோளாறுகளிலும் இதே குறிகள் வரும் என்பதுதான் சங்கடம். சந்தேகம் வந்ததும் அட்ரினலின்தான். சுருங்கியதை விரிக்கும், விரிந்ததைச் சுருக்கும், மாஸ்ட் செல்லையும் அடக்கும். கூடவே லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுவார்கள்.

குற்றவாளி யார் என்பது அப்புறம். பத்து நிமிடத்துக்குள் ஐந்தாறு மருந்துகள் போயிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, அந்தப் பொட்டலங்களிலிருந்து வெளிவரும் டிரிப்டேஸ் அளவைப் பார்த்தால் மாஸ்ட் செல்கள் வெடித்தனவா என்று தெரியும். எந்த மருந்தால் என்பதற்குத் தோல் சோதனை. அதையும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் செய்வார்கள். காலியான பொட்டலங்கள் மறுபடி நிரம்ப வேண்டுமே.

பிரிட்டனில் ஓராண்டு கணக்கெடுத்து 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மயக்க மருந்து பெற்றவர்களில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருக்கிறது. காரணம் உறுதியானவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஆன்டிபயாட்டிக், மூன்றில் ஒரு பங்குக்குத் தசை தளர்த்தும் மருந்து, அடுத்த இடத்தில் குளோர்ஹெக்சிடின். கிருமியைத் தடுக்க வந்த இரண்டு பேரும் பட்டியலில் இருக்கிறார்கள். டாக்டர்கள் ஒவ்வாமைக் கேள்வியை விடாமல் கேட்பது சும்மா இல்லை.

ஆனால் பொய்யான சிவப்பு வரிக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேர் போலப் பென்சிலின் ஆகாது என்று சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒன்றும் ஆவதில்லை. குழந்தைக் காய்ச்சலில் வரும் தடிப்பு பல நேரம் வைரஸின் வேலை, பழி மருந்தின் மேல் விழுகிறது. உண்மையான ஒவ்வாமையே பத்தாண்டில் பெரும்பாலோருக்கு மறைந்துவிடும். வரி மட்டும் மறைவதில்லை. அதைப் பார்த்ததும், பென்சிலினுக்கு உறவாயிற்றே என்று செஃபசோலினை ஒதுக்கிவிட்டு வான்கோமைசின் போன்ற மாற்றுக்குப் போகிறார்கள். அது சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்வதில் மெதுவானது, ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் ஐஜிஇ இல்லாமலே மாஸ்ட் செல்களைச் சீண்டி முகம் கழுத்தெல்லாம் சிவந்துபோகும். அதையும் யாராவது "அலர்ஜி" என்று எழுதிவைத்தால் இரண்டாவது வரி! பென்சிலின் வரி உள்ளவர்களுக்கு அறுவைத் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாற்று மருந்துதான் காரணம்.

இதில் வேடிக்கை, செஃபசோலின் பென்சிலினுக்குத் தூரத்து உறவு மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் ஒரே மாதிரி வளையம் இருக்கிறது. ஆனால் ஐஜிஇ பெரும்பாலும் அடையாளம் பிடிப்பது வளையத்தை அல்ல, அதில் தொங்கும் வாலை. செஃபசோலினின் வால் பென்சிலின் எதிலும் இல்லாத வால்.

அத்தையை ஒவ்வாமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். முன்கையில் குத்திப் பார்த்தார்கள், பிறகு பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் கொடுத்து உட்கார வைத்துக் கவனித்தார்கள். அத்தை கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்று தீர்த்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு வரி போயிற்று. அறுவையன்று செஃபசோலினே ஏறியது.

சில மாதம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் வேறொரு தாதி அதே கேள்வியைக் கேட்டார். "பென்சிலின் ஆகாதும்மா" என்றார் அத்தை.

"அத்தை, அதான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"அட, ஆமா." கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு. "அப்ப இறாலை எழுதிக்கம்மா. எனக்கு இறால் ஆகாது. அந்த மஞ்சத் தண்ணி மருந்து, அதுவும் ஆகாதுல்ல?"

தோலில் தடவும் பொவிடோன் அயோடினைச் சொல்கிறார். இறாலிலும் அயோடின் இருக்கிறதே என்ற கணக்கு. இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதன் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தாதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"இறால் சாப்பிட்டா என்னம்மா செய்யும்? எவ்வளவு நேரத்துல?"