தூண்டில் மடல்: ‘ஃபிஷிங்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

‘உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும். 24 மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.’ போன மாதம் என் சித்திக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. கீழே ஒரு நீலப் பொத்தான். “இது ஃபிஷிங் சித்தி, தொடாதீங்க” என்றேன். “ஃபிஷிங்னா மீன் பிடிக்கிறதுதானே?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஒலித்தாலும் எழுத்து வேறு. பொய் மடலை நம்பவைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடியைக் குறிக்கும் சொல்லில் எஃப் இருக்க வேண்டிய இடத்தில் பி, எச் இரண்டும் சேர்ந்து நிற்கும். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. அதனால் ‘ஃபிஷிங்’ என்று எழுதி வைத்தால் தமிழ் வாசகருக்கு எச்சரிக்கை எதுவும் போய்ச் சேருவதில்லை.

அந்த பி, எச் எங்கிருந்து வந்தன? 1970களில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால் ஏமாற்றி, காசில்லாமல் பேசிய ஒரு கூட்டம் இருந்தது. ஃபோன் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை பித்துப்பிடித்தவர் என்று பொருள்படும் ‘ஃப்ரீக்’ என்ற சொல்லின் தலையில் ஏற்றித் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்து வழக்கம் பின்னால் வந்த கணினித் திருடர்களிடமும் ஒட்டிக்கொண்டது. 1990களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்போல நடித்து, ‘கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்’ என்று செய்தி அனுப்பினார்கள். அப்படிப் பறித்த கணக்குகளுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘மீன்’தான். 1996 ஜனவரியில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தின் ஒரு குழுவில் இந்தச் சொல் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. சித்திக்கு வந்த அதே ‘சரிபார்ப்பு’தான் இந்தச் சொல் பிறந்த இடம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மின்னஞ்சல் மோசடி’ ரொம்பவும் பொது. லாட்டரிப் பரிசு விழுந்தது என்று வரும் மடலும் அதில் அடங்கிவிடும். ‘வலைவீசல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் செய்தித்தாள்களில் வலைவீசித் தேடுவது போலீஸ், திருடன் அல்ல. போதாததற்கு இணையமே நமக்கு ‘வலை’ ஆகிவிட்டது.

நான் தேர்ந்தெடுப்பது ‘தூண்டில்’. செயலுக்குத் தூண்டிலிடுதல், அஞ்சலுக்குத் தூண்டில் மடல். ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஆளைத் தூண்டிவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லில் மீன் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் மோசடி வேலை செய்யும் விதமே இருக்கிறது. 931ஆம் குறள் ‘தூண்டிற்பொன்’ என்கிறது. பொன் என்றால் அங்கே இரும்பு முள். இரைக்குள் மறைந்த இரும்பை இரை என்று நம்பி மீன் விழுங்குகிறது.

அப்படியானால் மடலில் முதலில் தேட வேண்டியது தூண்டுதலை. ‘உடனே’, ‘கடைசி வாய்ப்பு’, ‘முடக்கப்படும்’ என்று நம்மை யோசிக்கவிடாமல் விரட்டும் சொற்கள்தான் இரை. எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. இப்போது பிழையில்லாமலே எழுதுகிறார்கள். நீங்கள் கேட்டு வந்த மடலா என்று பாருங்கள். நாமே புதுக் கணக்கு தொடங்கினாலோ எண்ணை மாற்றினாலோ அடுத்த நிமிடமே சரிபார்ப்பு மடல் வருவது இயல்பு. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது வந்தால் சந்தேகப்படுங்கள்.

முள் இருப்பது இணைப்பில். கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் வைத்தால், கைபேசியில் அழுத்திப் பிடித்தால், உண்மையான முகவரி தெரியும். அதில் வங்கியின் பெயர் முன்னால் இருப்பது ஒன்றையும் காட்டாது. முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம், கடைசியாக நிற்கும் பெயரும் ‘.காம்’, ‘.இன்’ போன்ற அதன் விகுதியும்தான் தளத்தின் சொந்தக்காரரைச் சொல்லும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி வைத்தால் எம் போலத் தெரியும், அதையும் பயன்படுத்துகிறார்கள். பூட்டுப் படம் இருந்தாலும் நம்பாதீர்கள்; அது இணைப்பு மறையாக்கப்பட்டது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது, என்று மட்டுமே சொல்கிறது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். இதெல்லாம் சிரமம் என்று தோன்றினால் மடலை மூடிவிட்டு, வங்கியின் செயலியையோ நீங்களே தட்டச்சு செய்த முகவரியையோ திறந்து பாருங்கள். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அங்கேயும் தெரியும்.

பெயர், பதவி, அலுவலகம் எல்லாம் அறிந்து ஒருவரை மட்டும் குறிவைக்கும் வகையும் உண்டு. ஆங்கிலத்தில் அதை ஈட்டியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நமக்கு மீன் மேல் எறியும் ஈட்டிபோன்ற கருவிக்கு ‘எறியுளி’ என்ற அருமையான சொல் இருக்கிறது. குறுந்தொகை 304ஆம் பாடலில் மீனவரான பரதவர் திமில் என்ற படகில் சென்று கோட்டுமீன் (சுறா) மேல் எறிவது அதைத்தான். ‘எறியுளி மடல்’ என்றால் பொருந்துகிறது அல்லவா?

விழுங்கிவிட்டால்? கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதே கடவுச்சொல் உள்ள மற்றக் கணக்குகளிலும் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பலர் விட்டுவிடுவது ஒன்று: அஞ்சல் அமைப்புகளில் மீட்பு முகவரியையும், மடல்களை வேறு முகவரிக்குத் தானாக முன்னனுப்பும் விதிகளையும் பாருங்கள். தூண்டில் முள்ளின் உள்பக்கம் திரும்பிய கூர்போல, திருடன் வைத்த விதி கடவுச்சொல் மாறிய பிறகும் உங்கள் மடல்களை அவனிடம் இழுத்துக்கொண்டிருக்கலாம். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். அப்புறம் உதவி எண்ணை அழையுங்கள்: இந்தியாவில் 1930, இலங்கையில் 101. திருடன் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போவான், ஆகவே எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.