பாட்டினா: தமிழில் என்ன சொல்வது?

பழைய வண்ணக்கண்ணாடி விளக்குகளில், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் பற்றாசு (solder) கோடுகளிலும் வெண்கல அடிப்பாகத்திலும் பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ தெரியும் மெல்லிய படலமே பாட்டினா.

இது இத்தாலியச் சொல். லத்தீனில் இதே வடிவம் ஆழமில்லாத தட்டைக் குறித்தது. ஓவியங்களின் மேல் காலம் படரவிடும் கருமை என்று 1681இல் இத்தாலியக் கலை வரலாற்றாளர் பால்தினூச்சியின் கலைச்சொல் அகராதி பொருள் தந்தது; அது சில வேளை ஓவியத்துக்கு நன்மையே செய்யும் என்றும் சொன்னது. இன்று உலோகத்துக்கே அதிகம் வழங்குகிறது.

தமிழில் சட்டென்று நினைவுக்கு வரும் சொல் களிம்பு. ஆனால், செம்பில் களிம்புபோல உயிரைப் பற்றியது ஆணவ மலம் என்பது சைவ சித்தாந்தம். களிம்பு என்றாலே நீக்க வேண்டியது என்ற எண்ணம் நம் மொழியில் ஊறியிருக்கிறது. பாட்டினாவோ காக்க வேண்டியது. 'காலப்படலம்' அழகான சொல்தான். ஆனால் பாட்டினா முழுவதும் காலம் தந்ததல்ல. வெள்ளீயமும் காரீயமும் கலந்த புதுப் பற்றாசு வெள்ளிபோல் மின்னும். அதன்மேல் மயில்துத்தக் (செப்பு சல்பேட்) கரைசலைத் தடவிப் பட்டறையிலேயே செம்பு நிறம் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் பொருந்துவது 'நிறப்படலம்'. தேவைப்பட்டால் இயல்பானது, ஏற்றியது என்று பிரித்துச் சொல்லலாம்.

சுத்தம் செய்யும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஏற்றிய படலம் மிக மெல்லியது. உலோகப் பாலிஷ் ஒரு முறை பட்டாலே கோடு வெளுத்துவிடும். அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவம் செம்பைக் கரைக்கும். மின்இணைப்பைத் துண்டித்து, மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு துண்டாகத் துடையுங்கள். பிசுக்கு போகாவிட்டால் மட்டும் ஒரு லிட்டர் நீருக்குச் சில துளி அயனியற்ற (non-ionic) சலவைத் திரவம். பிறகு வெறும் நீரால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். விளக்குக்கூண்டை நீரில் முக்கவே கூடாது: கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் பற்றாசுக்குக் கீழே சுற்றியிருக்கும் செப்புப் பட்டைக்கு அடியில் நீர் புகுந்தால் அரிப்பு உள்ளிருந்து தொடங்கும். கையால் தீட்டிய வண்ணம் இருந்தால் அந்த இடத்தில் ஈரமே வேண்டாம்.

கோடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது நிறப்படலமல்ல, காரீய அரிப்பு. வினிகர் ஆவியும் ஓக் மரப் பெட்டியிலிருந்து கசியும் அமிலமும் இதற்குக் காரணமாகலாம். பொடி நச்சு, கையுறை, முகக்கவசம் இன்றித் தொடாதீர்கள், ஊதியும் விடாதீர்கள்.