கச்சான் காற்றும் தையலும்: கிரிக்கெட் பந்து காற்றில் வளைவது எப்படி?

மட்டக்களப்பு வெபர் மைதானமோ கல்முனையோ, கடினபந்துப் போட்டியில் முதல் ஓவர்களிலேயே பந்து வளையத் தொடங்கினால் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது சொல்வார்: "கடல் காத்து, ஈரம். அதான் வளையுது." ஈரக் காற்று பாரமானது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. உண்மை நேர்மாறு. நீராவி மூலக்கூறு, நைதரசனையும் ஒட்சிசனையும் விட இலேசானது. 30 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த காற்று, உலர்ந்த காற்றைவிட ஏறத்தாழ 1.6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஆய்வுகூடக் காற்றுச் சுரங்கங்களில் ஈரப்பதத்தை மாற்றிப் பார்த்தபோதும் வளைவில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

வளைவு பிறப்பது பந்தின் தோலை ஒட்டி ஓடும், ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய காற்றுப் படையில். புதுப்பந்தின் நடுவைச் சுற்றி ஓடும் தையலைச் சற்றுச் சரித்து வீசினால், ஒரு பக்கத்தில் இந்தப் படை தையலில் தடுக்கிக் குழம்பிப்போகும். மறுபக்கத்தில் வழவழப்பான தோலின்மேல் சீராகவே ஓடும். குழம்பிய படைக்கு வெளிக்காற்றின் வேகம் உள்ளே கலப்பதால் வலு அதிகம். அது பந்தின் பின்புறம்வரை ஒட்டிக்கொண்டு போய்த்தான் பிரியும். சீரான படையோ பந்தின் அகன்ற பகுதியை எட்டும்போதே பிரிந்துவிடும். இதனால் பந்துக்குப் பின்னால் விடுபடும் காற்று ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதன் எதிர்விசை பந்தை மறுபக்கம், அதாவது தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு வெளியே போகவேண்டுமென்றால் தையல் முதலாவது ஸ்லிப்பை (விக்கெட் காப்பாளருக்கு அருகே, ஓஃப் பக்கம் நிற்கும் களத்தடுப்பாளரை) பார்க்கவேண்டும், பளபளப்பான பக்கம் லெக் பக்கம், அதாவது ஆட்டக்காரரின் கால் பக்கம் இருக்கவேண்டும்.

கணக்குப் போட்டால், "கடைசி நேரத்தில் வளைந்தது" என்று வர்ணனையில் சொல்வதன் காரணமும் பிடிபடும். மணிக்கு 110 கிலோமீற்றரில் வீசிய பந்து நிலத்தைத் தொட அரைச் செக்கன் எடுக்கும். பக்க விசை பந்தின் எடையில் காற்பங்கு என்று வையுங்கள். மொத்த விலகல் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். விக்கெட்டின் அகலமே 22.86 சென்ரிமீற்றர்தான். ஆனால் விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் முதற்பாதி நேரத்தில் எட்டுச் சென்ரிமீற்றர்கூட வராது. மிச்சம் முழுவதும் மறுபாதியில். விசை தொடக்கத்திலிருந்தே ஒரே அளவுதான். துடுப்பாட்டக்காரர் தீர்மானம் எடுத்த பின்பே அது கண்ணுக்குத் தெரிகிறது.

வேகம் கூடக் கூட வளைவும் கூடும் என்று எண்ணவேண்டாம். தையலை 20 பாகை அளவில் சரித்து, மணிக்கு 110 கிலோமீற்றரை ஒட்டி வீசும்போது சாதாரண ஸ்விங், அதாவது தையல் காட்டும் திசைக்கு வளைவது, மிக நன்றாக வரும். பாடசாலைப் பந்துவீச்சாளருக்கு இது எட்டக்கூடிய வேகம். புதுப்பந்தில் 140ஐ ஒட்டிய வேகத்துக்குப் போனால், வழவழப்பான பக்கத்துப் படையும் தானாகவே குழம்பிவிடும். தையல் பக்கத்தில் படை தடித்து முன்கூட்டியே பிரியும். பந்து தையலுக்கு எதிர்ப்பக்கம் போகும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்த பந்தில் குறைந்த வேகத்திலேயே இது கைகூடும்.

பெரும்பாலும் பிழைப்பது விடுவிப்பில். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு ஓரத்திலும், பெருவிரல் கீழே தையலின்மேல், மணிக்கட்டு நேராகப் பந்தின் பின்னால். கடைசியாக இரு விரல்களும் ஒன்றாகப் பந்தைப் பின்சுழற்றவேண்டும். செக்கனுக்குப் பத்துப் பதினொரு சுற்று போதும். அந்தச் சுழற்சிதான் தையலைத் தள்ளாடாமல் நிறுத்துகிறது. ஒரு விரல் முந்தி விலகினாலும் தையல் ஆடும், படை இரு பக்கமும் மாறிமாறிக் குழம்பும், வளைவு போய்விடும். விக்கெட் காப்பாளரைக் கேட்டால் உடனே சொல்வார்: தையல் ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் சரி, அகன்ற வெள்ளைப் பட்டையாகக் கலங்கித் தெரிந்தால் கைவிடுவிப்பு பிழை.

காற்றின் ஈரம் பொருட்டல்ல. காற்று வீசும் திசைதான் முக்கியம். ஆடுகளங்கள் வழக்கமாக வடக்குத் தெற்காக அமைவதால், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சானும் பின்னேரக் கடற்காற்றும் பந்தைக் குறுக்கேதான் அடிக்கும். 110 கிலோமீற்றரில் போகும் பந்தை 15 கிலோமீற்றர் குறுக்குக்காற்று சந்தித்தால், பந்து உணரும் காற்றின் திசை எட்டுப் பாகையளவு திரும்பும். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வளைக்க 20 பாகை சரித்து வீசினால், நடைமுறையில் மிஞ்சுவது 12 பாகைதான். அப்படி வீசுபவர் தையலை இன்னும் சரிக்கவேண்டும்; காற்றோடு சேர்த்து வளைப்பவர் குறைக்கவேண்டும்.

பந்தைப் பார்த்துக்கொள்வதில்தான் நம் பக்கத்து அணிகள் அதிகம் கோட்டை விடுகின்றன. கொங்கிரீட்டின்மேல் மெட்டிங் (பாய்) விரித்த ஆடுகளம் தையலைச் சீக்கிரம் தட்டையாக்கும். கரையோர மைதானங்களின் மணல் தோலைக் கீறும். களத்தடுப்பாளர் பந்தை நிலத்தில் குத்தி எறிந்தால் இரு பக்கமும் ஒருசேரத் தேயும். எந்தப் பக்கத்தைப் பேணுவது என்று முதல் ஓவரிலேயே முடிவெடுங்கள். வியர்வையும் துணியும் போதும். 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி எச்சில் பூசக்கூடாது. பேணாத பக்கம் உலர்ந்தே இருக்கட்டும்.

மென்பந்துக்கு ஏன் இது சரிவருவதில்லை? டெனிஸ் பந்தைச் சுற்றி எங்கும் ஒரே மாதிரியான மயிர்ப்பூச்சு. படை இரு பக்கமும் சமமாகக் குழம்புவதால் பக்க விசைக்கு வழியில்லை. ஒரு பாதிக்கு மட்டும் மின்கம்பி டேப் ஒட்டினால் வித்தியாசம் வந்துவிடும்; எடை 60 கிராமுக்கும் குறைவு என்பதால் வளைவு பெரிதாகவே தெரியும். முழுவதையும் சுற்றி ஒட்டினாலோ இரு பக்கமும் மறுபடி ஒன்றாகிவிடும். அதன்மேல் இன்னொரு கீற்றை மடித்துத் தையல்போல் ஒட்டிக்கொள்ளவேண்டும்.