பச்சைத் தொட்டிக்குள் மூன்று கழிவுகள்

உணவுக் கழிவை உரமாக்கும் அமைப்புகளை நிறுவித் தருவது என் தொழில் என்பதால், "எந்த இயந்திரம் வாங்கலாம்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. அதற்குப் பதில் சொல்லும் முன், பச்சைத் தொட்டியை ஒரு விரிப்பில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். தோலும் காம்புமாகச் சமையலுக்கு முன்பே கழிந்தவை, சமைத்தும் பரிமாறப்படாமல் மிஞ்சியவை, தட்டிலும் இலையிலும் உண்ணாமல் விடப்பட்டவை என மூன்றும் அதில் கலந்து கிடக்கும். மூன்றும் மக்கக்கூடியவையே. ஆனால் காரணமும் பொறுப்பாளரும் போய்ச் சேர வேண்டிய இடமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. இயல்பாக உரத்தொட்டிக்கு உரியது முதல் வகை மட்டுமே. மற்றவை அங்கே வருவது, அதற்கு முன்னால் எங்கோ ஓர் அளவு தவறியதால்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலக அளவில் 105 கோடி டன் உணவு வீணானதாக மதிப்பிடுகிறது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவகம், விடுதி போன்ற இடங்களிலும், எஞ்சியது கடைகளிலும் வீணாகிறது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளையும் சேர்த்தே இந்தக் கணக்கு எடுக்கப்பட்டுள்ளது என்பதால், இது முழுவதையும் பசித்தவருக்குப் போயிருக்கக்கூடிய சோறாகக் கொள்வது சரியாகாது. எனினும் குப்பைமேட்டுக்குப் போனபின் எல்லாம் ஒன்றுதான். காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகள் குவிந்த குப்பையைத் தோண்டிப் பிரிப்பது இன்று தனியொரு பெரும் பணியாகிவிட்டதற்கு, ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கொட்டப்பட்டதே முக்கியக் காரணம்.

இந்தக் கலப்பை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் கல்யாண மண்டபம். எத்தனை இலை என்பதைப் பெண் வீட்டார் ஒரு பயத்தில் கூட்டிச் சொல்ல, சமையல் ஒப்பந்தக்காரர் தன் பெயர் கெடக்கூடாது என்று இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். மிஞ்சும் உணவை ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணம் கடைசிப் பந்தி எழுந்தபிறகுதான் வருகிறது. அதற்குள் சாம்பாரும் கூட்டும் அண்டாவில் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்திருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், அந்த உணவைக் கொடுப்பது தருமமாகாது. உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகளை வகுத்திருக்கிறது. எனவே வாங்கிச் செல்வோரை முன்கூட்டியே பேசி வைத்து, கடைசிப் பந்திக்கு முந்தைய பந்தி நடக்கும்போதே, கரண்டி படாத பாத்திரங்களைச் சூடு குறையாமல் தனியே ஒதுக்கிவிட வேண்டும். இலைகளைப் பொறுத்தவரை, வாழையிலை மட்டும் என்றால் சிரமம் குறைவு. நடுத்தண்டு நார் மிகுந்தது என்பதால் நறுக்கிப் போட்டால் போதும். மேசை விரிப்போடு இலை, தண்ணீர் பாட்டில், காகிதக் கோப்பை எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி எறியும்போதுதான் உரமாகும் வாய்ப்பே போய்விடுகிறது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை என்பதை மண்டபத்தார் பலருக்கு இன்றும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அளந்து சமைப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அரசுப் பள்ளிகளின் சத்துணவுக் கூடம். காலை வருகைப் பதிவைக் கேட்ட பிறகே அங்கே அரிசி அளக்கப்படுகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம், உயர் தொடக்க வகுப்புக்கு 150 கிராம் என்பது தேசிய அளவுகோல். கட்டணம் வாங்கும் விடுதிகளும் அலுவலகக் கேன்டீன்களும் இந்த எளிய ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. தட்டில் மிஞ்சுவதை ஒரு வாரம் பதார்த்தவாரியாக எடைபோட்டு எழுதி வைத்தால், குறை சமையலிலா, பரிமாறும் கரண்டியின் அளவிலா, சாப்பிடக் கிடைக்கும் நேரத்திலா என்பது தெரிந்துவிடும்.

பள்ளிகளில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: ஒரு மூலையில் உரத்தொட்டி நாறிக்கொண்டிருக்கும், மறு மூலையில் சருகு எரிந்துகொண்டிருக்கும். உணவுக் கழிவில் முக்கால் பங்கு நீர். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி, கரிமம் (கார்பன்) குறைவு. கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்திலும், ஈரம் 50 முதல் 60 விழுக்காடு வரையிலும் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் காற்றோட்டத்தோடு வேலை செய்யும். அந்தக் குறையைச் சருகும் தென்னைநார்த் தூளும் ஈடு செய்கின்றன. ஒரு வாளிக் கழிவுக்குக் குறைந்தது ஒரு வாளிச் சருகு என்பது நான் சொல்லும் கணக்கு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம்; ஒழுகினால் சருகு போதவில்லை. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் உதிர்ப்பதைச் சாக்குகளில் கட்டி வைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் காய்ந்த இலைக்கு அலைய வேண்டியதில்லை.

வீட்டுக்கு, பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை இரண்டு போதும். காய்கறித் தோலை நறுக்கிப் போட்டுச் சருகால் மூடி, தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, நிறைந்ததும் அடுத்த பானைக்கு மாறலாம். வீட்டுப் பானையில் நோய்க்கிருமிகளை அழிக்கும் அளவுக்கு வெப்பம் ஏறுவது அரிது என்பதாலும், எலி, பூனை வரும் என்பதாலும் மீன், இறைச்சி, எலும்பைத் தவிர்ப்பது நல்லது.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் இடங்களை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு கழிவு உற்பத்தியாளர்களாக வகைப்படுத்தின. அதிலிருந்து இயந்திர வியாபாரமும் சூடு பிடித்தது. "24 மணி நேரத்தில் உரம்" என்று விற்கப்படும் கருவிகளில் பல, உணவைச் சூடேற்றி உலர்த்திப் பொடியாக்குபவையே. தண்ணீர் பட்டால் அந்தப் பொடி மறுபடி நாறும். உலர்த்திப் பருமனைக் குறைப்பது பயனுள்ள வேலைதான், ஆனால் அதற்குப் பிறகும் சில வாரங்கள் அது மக்க வேண்டும். உப்பு மிகுந்த சாம்பார், ஊறுகாய் எச்சம் அதிகம் சேர்ந்திருந்தால் உரத்திலும் உப்பு ஏறி, நாற்றுகளைக் கருக்கும்.

முதிர்ந்த உரம் கறுத்து, மண்வாசனையோடு, கிளறினாலும் சூடேறாமல் இருக்கும். ஐயமிருந்தால் ஒரு தொட்டியில் உரமும் மண்ணும் கலந்து, மற்றொன்றில் வெறும் மண்ணிட்டு, இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் விதைத்துப் பாருங்கள். உரமிட்ட தொட்டியில் முளைப்பு குறைந்தால், அந்தக் குவியலை இன்னும் மூன்று வாரம் ஈரம் காத்து மூடி வைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம்.