எடை மேடைக் கம்ப்யூட்டரையும் பட்டியலில் சேருங்கள்

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்து தருவது என் வேலை. எங்கே போனாலும் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர் என்றுதான். கணக்கர் ஓர் எண் சொல்வார், முதலாளி வேறோர் எண் சொல்வார். டேலி ஓடும் விண்டோஸ் கணினிகள் இருவர் கணக்கிலும் இருக்கும். கேட் பக்கத்தில் எடை மேடையோடு இணைத்த பழைய பெட்டி, அளவு பார்க்கும் மெஷினோடு வந்த விண்டோஸ் 7 கணினி, முன்பு வேலை பார்த்தவர் போட்டுவிட்டுப் போன உபுண்டு என்ற லினக்ஸ் வகை சர்வர், முதலாளியின் மகள் கொண்டுவரும் மேக்புக் ஆகியவை விட்டுப்போகும்.

ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாத கணினிகளுக்கு நெட்வொர்க் வழியாகத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. லினக்ஸுக்கும் மேக்குக்கும் இந்தக் கவலை இல்லை என்பார்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற நிரல் தொகுப்பின் ஓட்டை வெளிவந்தபோது அது ஜாவா மொழியில் எழுதிய பல மென்பொருள்களுக்குள் இருந்தது. எந்த இயங்குதளம் என்று பார்க்கவில்லை. எந்தக் கணினியில் என்ன மென்பொருள் என்ற பட்டியல் கையில் இருந்தவர்களால் உடனே தேட முடிந்தது. மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள்.

எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்தே கவனிக்க உதவும் மென்பொருளைத்தான் மைய நிர்வாகக் கருவி என்கிறோம்; அதன் முதல் பயன் இந்தப் பட்டியல்தான். சில கருவிகள் ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரலை வைக்கும்; அது தானே மையத்துக்குத் தகவல் சொல்லும். சென்னை சோஹோவின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் அந்த வகை. ஆன்சிபிள் என்ற இன்னொரு கருவிக்கு ஏஜென்ட் தேவையில்லை. லினக்ஸோடு எஸ்எஸ்எச், விண்டோஸோடு பெரும்பாலும் வின்ஆர்எம் என்ற தொலை இணைப்பு முறைகள் வழியாகப் பேசும். கணினிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தால் ஏஜென்ட் வகைதான் சௌகரியம் என்பது என் கருத்து.

ஒரே பட்டனில் எல்லாம் முடியும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விதி ஒன்றாக இருக்கலாம், நிறைவேற்றும் வழி தனித்தனி. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்ட வேண்டும் என்றால் விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். உபுண்டுவில் பொதுவாக நிறுவும்போதே செய்துவிட வேண்டும். பிறகு மையத்திலிருந்து உத்தரவு போட்டு எளிதாக முடியாது. அப்புறம், மேக்புக் ஒருவரின் சொந்தப் பொருள் என்றால், கருவியில் சேர்க்கும் முன் அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். அதிலுள்ள எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரம் நிர்வாகியின் கைக்கு வந்துவிடலாம்.

கருவியில் கணினிகளைக் குழு பிரிக்கும்போது பெரும்பாலானோர் விண்டோஸ் ஒரு குழு, லினக்ஸ் ஒரு குழு என்று பிரிப்பார்கள். நான் கணினி செய்யும் வேலையைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். மாங்கூழ் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்ததும் பாதிக் கணினிகளை மூடி வைத்துவிடுவார்கள். அடுத்த கோடையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடும்போது, மாதக்கணக்கில் சேர்ந்த அப்டேட்டுகள் ஒன்றாக இறங்கி இணையத்தை அடைக்கும். வெளியே மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும்போது எடை மேடைக் கணினி ரீஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும் என்று அந்த ஆலைக்காரர்களிடம் கேளுங்கள். சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே அவற்றைப் போட்டு அப்டேட்டை முடித்துவிட வேண்டும். கருவியில் 'கடைசியாகத் தொடர்பில் வந்த நாள்' என்றொரு விவரம் இருக்கும். வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள். மாதக்கணக்கில் தொடர்பில் வராத கணினி அங்கே தெரிந்துவிடும்.

எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற மைய நிர்வாகக் கருவியில் இருந்த ஓட்டை வழியாகவே ரான்சம்வேர் பரப்பப்பட்டது. சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. சுவீடனில் கூப் கடைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன, கல்லாப் பெட்டி இயங்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று நடந்தது தாக்குதலே கிடையாது; கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஆகவே எந்த மாற்றத்தையும் முதலில் ஓரிரு கணினிகளில் போட்டுப் பார்த்த பிறகே எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். நிர்வாகிகள் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். பேக்கப் அந்தக் கருவிக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் பிறப்பித்த உத்தரவுப்படி இணையத் தாக்குதலை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளில் நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

சரி, அந்த விண்டோஸ் 7 மெஷின்? அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. எதையாவது நிறுவினால் வாரண்டி போய்விடும் என்று மெஷின் கொடுத்தவர் சொல்லியிருப்பார். ஏஜென்ட் போட முடியாவிட்டால் விடுங்கள். இணையம் இல்லாத தனி நெட்வொர்க்கில் அதைப் பிரித்து வையுங்கள், பென் டிரைவ் செருகும் இடத்தை அடைத்துவிடுங்கள். பட்டியலில் அதன் பெயரைக் கையால் எழுதிச் சேருங்கள், பக்கத்தில் பொறுப்பாளர் பெயரோடு.